மலைப் பள்ளிக்கூடமும் அடிவார ஹாஸ்டலும்

சர்க்குலர்

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்திலேயே சர்க்குலர் வந்துவிட்டது. சந்தைக்குப் போய்த் திரும்பிய ஜீப் டிரைவர் ஒருவர் மூட்டைகளோடு சேர்த்து அதையும் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கிற மலைப் பிள்ளைகள் எல்லாரையும் அடிவாரத்து ஹாஸ்டலில் சேர்க்க வேண்டும். அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பார்கள். மலையில் இருக்கும் ஓராசிரியர் பள்ளிகளில் இனி ஒன்றும் இரண்டும் மட்டும் நடக்கும். ஸ்ட்ரெங்த் குறைந்தால் அதையும் மூடலாம். பெற்றோரை ஊக்குவிப்பது ஆசிரியரின் பொறுப்பு.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. திருப்பத்தூருக்கு மேலே மலையில், புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நான் டீச்சர். ஊரின் பெயர் வேண்டாம். ஓடு போட்ட ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரே ஆள். எனக்குச் சொந்த ஊர் கணியம்பாடி. வீட்டுக்காரர் அங்கே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் மகள் தேன்மொழியும் மலையில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தோம். ஊருக்குப் போக வேண்டுமென்றால் ஜீப்பில் திருப்பத்தூர், அங்கிருந்து வேலூர், வேலூரிலிருந்து இன்னொரு பஸ். அதனால் மாதத்துக்கு ஒரு முறை போனால் பெரிய விஷயம். கணியம்பாடிக்குப் பக்கத்தில் டிரான்ஸ்பர் கேட்டு வருஷா வருஷம் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். தேன்மொழி என் பள்ளிக்கூடத்திலேயே மூன்றாம் வகுப்பு படித்தாள்.

சர்க்குலரை இரண்டு தரம் படித்தேன். கெட்ட எண்ணத்தோடு எழுதினது என்று சொல்ல முடியாது. ஒரே டீச்சர் ஐந்து வகுப்பை இழுத்துக்கொண்டு போவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கே தெரியும். ஹாஸ்டலில் மூன்று வேளைச் சோறு, யூனிஃபார்ம், ஒவ்வொரு வகுப்புக்கும் தனி டீச்சர். எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்தத் தாளில் ஓர் இடத்தில்கூட பெற்றோர் சம்மதம் என்ற பேச்சு இல்லை. ஊக்குவிக்க வேண்டும் என்றுதான் இருந்தது, கேட்க வேண்டும் என்று இல்லை.

குள்ளம்மா கேட்டது

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. மலையில் எந்த விஷயமும் நாட்டாமை இல்லாமல் நடக்காது. அப்போது நாட்டாமையாக இருந்தவர் அதிகம் பேசாத மனிதர். ஆனால் அவர் தலையாட்டினால்தான் ஊர் அசையும். நான் சர்க்குலரை அப்படியே படித்து, புரியும்படி சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

நாட்டாமை சில கேள்விகள் கேட்டார். பிள்ளையை எப்போது வந்து பார்க்கலாம்? காய்ச்சல் வந்தால் யார் சொல்லி அனுப்புவார்கள்? சாமை அறுப்புக்குப் பிள்ளை வீட்டுக்கு வருமா, கோயில் திருவிழாவுக்கு வருமா? இதில் ஒன்றும் சர்க்குலரில் இல்லை. எழுதிக் கேட்கிறேன் என்றேன். எழுதியும் கேட்டேன். பதில் வரவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் குள்ளம்மா நின்றிருந்தார். வெள்ளையன் என்பவரின் மனைவி. மூத்தவள் ராணி நான்காம் வகுப்பு, சின்னவள் செல்வி மூன்றாம் வகுப்பு. செல்வியும் தேன்மொழியும் ஒரே பலகையில் உட்காருவார்கள். குள்ளம்மா என்னைப் பார்த்து நேராகக் கேட்டார்.

“உங்க பொண்ணும் மூணாவதுதானே டீச்சரம்மா. அதையும் அங்க வுடப் போறீங்களா?”

அந்த ஹாஸ்டல் மலைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான், என் மகளுக்கு அங்கே இடமில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவர் கேட்டது அது இல்லை.

“இடம் குடுத்தாலும் வுட மாட்டேங்க” என்றேன். “இந்த வயசுக்கு அவ என்கூடத்தான் இருக்கணும்.”

நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கூட்டம் கலைந்தது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் இப்படிப் பேசலாமா என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். பேசியதை மாற்றிச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஜீப்

அடுத்த மாதம் ஜீப் வந்தது. அதில் வந்த கிளார்க் வீடு வீடாகப் போனார். பிள்ளையை அனுப்புகிறவர்களின் பெயர் தனியாகக் குறித்து வைக்கப்படும், நாளைக்குப் பட்டா, லோன் என்று ஏதாவது வந்தால் அவர்களுக்குத்தான் முதலில் என்று சொல்லிக்கொண்டு போனார். சர்க்குலரில் அப்படி ஒரு வரியும் கிடையாது. நான் அவர் பின்னாலேயே போய் அதை ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. “நீங்க கவர்மெண்ட் சைடா, இவங்க சைடாம்மா?” என்று கேட்டார். சர்க்குலரில் இருப்பதைத்தான் சொல்கிறேன், சார், என்றேன்.

வெள்ளையனுக்குக் காட்டோரத்தில் கொஞ்சம் நிலம். அவருடைய தகப்பன் காலத்திலிருந்து உழுது வருவது, பட்டா கிடையாது. பட்டா என்ற சொல் அவர் காதில் விழுந்த பிறகு நான் சொன்னது எதுவும் விழவில்லை. இரண்டு பெண்களையும் அனுப்பச் சம்மதித்தார். இன்னும் இரண்டு மூன்று வீடுகளும் சம்மதித்தன. குள்ளம்மா செல்விக்குத் தலை வாரிப் பின்னிவிட்டு, வாழை இலையில் களியைக் கட்டிக் கொடுத்தார். செல்வி ஜீப்பில் ஏறும்போது அழவில்லை. ஜீப்பில் போகிறோம் என்ற சந்தோஷம்தான் அவளுக்கு. அதற்கு முன்னால் அவள் வண்டி எதிலும் ஏறினதில்லை.

மற்ற வீடுகள் பிள்ளைகளை அனுப்பவில்லை. ஜீப் போன பிறகு கரும்பலகையில் தேதியை எழுதினேன். பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நடந்து வந்தவர்கள்

ஆடியில் ஊர்க் கோயில் திருவிழா. மலையில் பிறந்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்கு வந்து சேருவார்கள். ஹாஸ்டலில் காலாண்டுப் பரீட்சை வரை லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளையன் கேட்டுப் பார்க்க இறங்கிப் போனார். ரூல் இல்லை என்று வார்டன் அனுப்பிவிட்டார். தூரத்திலிருந்து பெண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

திருவிழா முடிந்து சில நாளில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் மாடு ஓட்டிப் போனவர்கள் காட்டோரம் காவல் கொட்டாயில் ராணியையும் செல்வியையும் பார்த்தார்கள். இருவரும் ஹாஸ்டலிலிருந்து கிளம்பி, மலைப் பாதையில் ஏறி, நனைந்து, நடக்க முடியாமல் அங்கே படுத்துவிட்டார்கள். ராணியின் கால் முழுக்கக் கிழிந்திருந்தது. செல்விக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மூச்சு இழுத்தது.

ஏன் ஓடி வந்தார்கள் என்று பிறகு ராணியிடம் கேட்டேன். அடித்தார்களா? இல்லை. சோறு போடவில்லையா? போட்டார்கள், நல்ல சோறு. செல்வி தினமும் பாயை நனைத்துவிடுகிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள், அவள் பேசுவதையே நிறுத்திவிட்டாள் என்றாள். “அம்மாகிட்ட வுட்டாதான் பேசும்னு இட்டாந்தேன் டீச்சர்.” ராணிக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது யாருக்கும் தெரியவில்லை.

வேட்டியைக் கம்பில் கட்டித் தூளி போட்டு செல்வியை ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் போனேன். எப்போதாவது வருகிற பஸ்ஸும் மழை பெய்தால் மேலே ஏறாது. ஜீப்பும் இல்லை. நர்ஸ் வந்து போய் மாசக்கணக்காகிறது. ரோட்டிலேயே வெகு நேரம் நின்றோம். குள்ளம்மா பிள்ளையின் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மூங்கில் ஏற்றி வந்த ஒரு லாரி நின்று எங்களை ஏற்றிக்கொண்டது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். செல்வி பிழைத்தாள்.

அந்த லாரியில் உட்கார்ந்துகொண்டு நான் நினைத்தது இன்னும் மாறவில்லை. பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்துப் போக அரசாங்கத்திடம் ஜீப் இருந்தது. அதே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒன்றும் இல்லை. அரசாங்கம் ரோடு போடட்டும், பஸ் விடட்டும், நர்ஸ் அனுப்பட்டும், பட்டா கொடுக்கட்டும். அது மட்டுமே வாழ்நாளெல்லாம் செய்யும் அளவுக்கு வேலை. சின்னப் பிள்ளை எங்கே படுத்துத் தூங்க வேண்டும் என்பதை அதன் வீடு முடிவு செய்யட்டும்.

ஒருத்தி மட்டும் படித்த பள்ளிக்கூடம்

நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பள்ளிக்கூடம் காலியாக இருந்தது. மறுநாளும் யாரும் வரவில்லை. ஹாஸ்டலுக்குப் போன மற்ற பிள்ளைகளையும் தகப்பன்மார் போய்க் கூட்டி வந்துவிட்டார்கள். அவர்களும் வரவில்லை. நாட்டாமை வீட்டுக்குப் போனேன்.

“பள்ளிக்கூடத்துக்கு வந்தா பேரு எழுதறீங்க. பேரு இருந்தாத்தானே ஜீப்பு வரும்” என்றார். “பேரே வேணாங்க.”

என் மேல் அவருக்குக் கோபம் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கோபமாக இருந்தால் சமாதானம் பேசலாம்.

நான் தினமும் நேரத்துக்கு மணி அடித்தேன். தேன்மொழி வந்து உட்காருவாள். பிரேயர் பாடுவோம். அட்டெண்டன்ஸ் எடுப்பேன். அவள் ஒருத்தி உள்ளேன் அம்மா என்பாள். முதல் வாரம் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு செல்வி எப்போது வருவாள் என்று கேட்க ஆரம்பித்தாள். ஊரில் எல்லாருக்கும் மணிச் சத்தம் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் அடித்தேன்.

கடைசியில் மெமோ வந்தது. பிள்ளைகளின் வருகை இல்லாததால் பள்ளியை நிறுத்தி வைக்கலாம், ஆசிரியையைக் கணியம்பாடி ஒன்றியத்துக்கு மாற்றலாம், சம்மதத்தை எழுதித் தரவும். நான் வருஷக்கணக்காகக் கேட்டுக் கிடைக்காத டிரான்ஸ்பர், பள்ளிக்கூடத்தை மூடினால் கிடைக்கும்.

வீட்டுக்காரர் அந்த வாரம் வந்திருந்தார். மெமோவைக் காட்டினேன். “இதத்தானே கேட்டுனு இருந்தே” என்றார். இப்போது வேண்டாம் என்று சொன்னேன். காரணம் கேட்டார், எல்லாம் சொன்னேன். “இருக்கறதுன்னா எதனா செய்யறதுக்கு இரு. சும்மா மணி அடிச்சினு உக்காந்திருக்காத” என்றார். கிராமத்தில் விவசாயம் செய்கிற மனிதர். சொன்னது போதுமானதாக இருந்தது.

நாட்டாமையின் மகள்

மறுநாள் நாட்டாமையிடம் போய் உட்கார்ந்தேன். என் பேச்சைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். பிள்ளைகள் இங்கேயே அஞ்சாவது வரை படிக்கட்டும். தாயும் தகப்பனும் வாயால் சரி என்று சொல்லாமல் எந்தப் பிள்ளையையும் யாரும் எங்கேயும் கொண்டுபோகக் கூடாது. அதற்காக நான் ஆபீஸில் போய்ப் பேசுகிறேன். சாமை அறுப்பின்போதும் புளி உலுக்கும்போதும் பிள்ளைகளுக்கு வீட்டில் வேலை இருக்கும். அந்த நாட்களில் காலையில் கொஞ்ச நேரம் மட்டும் நடத்துகிறேன். விட்டுப்போன பாடத்தைச் சித்திரையில் நடத்துகிறேன்.

அவர் கேட்டுக்கொண்டார்.

“எனக்கும் ஊர்கிட்ட ஒண்ணு வேணுங்க” என்றேன். “பொண்ணுங்க வயசுக்கு வந்தா நிறுத்தக் கூடாது. அஞ்சாவது முடிக்கணும்.”

அவருடைய கடைசி மகள் சின்னக்கண்ணு நான்காம் வகுப்பில் நின்றுபோனவள். வயதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். மலையில் பிள்ளைகள் தாமதமாகத்தான் பள்ளியில் சேர்வார்கள், அதனால் இது அடிக்கடி நடக்கும். வேறு யாரையாவது சொல்லிக் கேட்டிருக்கலாம். அவர் வீட்டில் தொடங்காவிட்டால் வேறு எந்த வீட்டிலும் தொடங்காது என்று எனக்குத் தெரியும்.

“எங்க வழக்கத்துல நீங்க கைய வெக்கிறீங்க” என்றார்.

“உங்க கோயிலு, உங்க கல்யாணம், உங்க பஞ்சாயத்து எதுலயும் நான் வர மாட்டேங்க. ஆனா பள்ளிக்கூடம் ஊர் நடுவுல கீது. நீங்க கண்ணால பாக்கற தூரம். பொண்ண அனுப்புங்க. நான் பொறுப்பு.”

அவர் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார். தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன். நானும் பழைய வழக்கத்தை மதிக்கிறவள்தான். என் வீட்டிலும் நாள் பார்த்து, பெரியவர்களைக் கேட்டுத்தான் எதையும் செய்வோம். வழக்கத்தை உடைக்க வேண்டும் என்று நான் மலைக்கு வரவில்லை. ஆனால் ஹாஸ்டல் விஷயத்தில் ஊருக்காக நிற்பேன், இந்த விஷயத்தில் ஊருக்கு எதிரே நிற்பேன் என்பதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. இரண்டும் பிள்ளைக்காகத்தான்.

இரண்டு நாள் கழித்து மணி அடித்தபோது சின்னக்கண்ணு வந்தாள். தாவணி போட்டுக்கொண்டு, தலை நிமிராமல் வந்து கடைசிப் பலகையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால், பேசி வைத்த மாதிரி, ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள். ராணியும் வந்தாள். உடம்பு தேறியதும் செல்வியும் வந்தாள். தேன்மொழி தன் பலகையில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

ஆபீஸில்

மெமோவுக்குச் சம்மதமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நேரில் பேசவும் போனேன். நாட்டாமையும் வெள்ளையனும் கூட வந்தார்கள். பள்ளி ஆய்வாளரை நாங்கள் டி.ஐ. என்போம். அவர் கண்டிப்பானவர். லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர். அதனால் பயமும் மரியாதையும் சேர்ந்தே இருந்தது. நாட்டாமையையும் வெள்ளையனையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர்கள் உட்காரவில்லை.

என்னிடம் கடுமையாகத்தான் பேசினார். ஒரு பிள்ளை செத்துப்போக இருந்தது அவருக்கும் தெரியும், அதற்கு வார்டனிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். ஆனால் ஒரு தவறுக்காக ஸ்கீமையே வேண்டாம் என்பதா? ஒரே டீச்சர் பள்ளியில் படித்த பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போய் என்ன செய்யும்? மலையிலேயே கிடக்கட்டும் என்கிறீர்களா?

“நானே ஹாஸ்டல்ல படிச்சவன்மா” என்றார். “அது இல்லன்னா இன்னிக்கு நான் ஆடு ஓட்டிட்டு இருப்பேன். ஹாஸ்டல் என்னா பண்ணும்னு எனக்குத் தெரியும்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பதே சாட்சி. மனதில் வந்ததைக் கேட்டேன்.

“உங்கள யாரு சார் கொண்டுபோய் வுட்டாங்க?”

“எங்கப்பா.”

“அப்ப உங்களுக்கு என்னா வயசு சார்?”

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். ஆறாம் வகுப்பில் சேர்ந்ததாகவும், அப்பா வாரச் சந்தைக்கு வரும்போதெல்லாம் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார் என்றும் சொன்னார்.

“அதேதான் சார் நாங்களும் கேக்கறோம்” என்றேன்.

வெள்ளையன் அதுவரை சுவரோரம் நின்றிருந்தார். அவர் ஆபீஸில் வாய் திறப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “படிக்க வாணாம்னு சொல்லலீங்க” என்றார். “எம் பொண்ண நான் இட்டுனு போறேன். எப்பன்னு எனக்குத் தெரியும்.”

டி.ஐ. எங்களுக்கு எதையும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. சர்க்குலரை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் வருகை சரியாக இருக்கிற பள்ளியை மூடும்படி அவர் எழுத வேண்டியதில்லை. தை மாதத்துக்குப் பிறகு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவதாகவும், பிள்ளைகள் படிக்கவில்லை என்றால் தானே மூடிவிடுவதாகவும் சொன்னார். நேரம் மாற்றி நடத்துவதைப் பற்றிக் கேட்டேன். “நான் கேக்கல, நீங்களும் சொல்லல” என்று ஃபைலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இன்ஸ்பெக்‌ஷன்

இந்த மாதிரிக் கதைகளில் அதிகாரி வரும் நாளில் பிள்ளைகள் எல்லாம் மளமளவென்று படித்துவிடுவார்கள். எங்கள் ஊரில் அப்படி நடக்கவில்லை.

அவர் ஜீப்பில் வந்து, கை கால் கழுவி, பலகையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். ஒவ்வொருவரையும் படிக்கச் சொன்னார். சின்னக்கண்ணு தடங்கலில்லாமல் படித்தாள். ராணி படித்தாள். பாதிப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டித் திணறினார்கள். சிலர் அதுவும் செய்யவில்லை. கணக்கில் வகுத்தல் யாருக்கும் சரியாக வரவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

தரம் குறைவு என்று எழுதினார். என்னிடம் காட்டிவிட்டுத்தான் எழுதினார். நான் மறுக்கவில்லை. ஒரு வருஷம் வேண்டும் என்று கேட்டேன். அட்டெண்டன்ஸைப் புரட்டிப் பார்த்தார். ஊரில் ஒரு பிள்ளை பாக்கியில்லை என்பது அவருக்கு நம்பமுடியாமல் இருந்தது. வெளியே போய் இரண்டு வீட்டில் விசாரித்துவிட்டு வந்தார். ஒரு வருஷம் தருவதாகச் சொல்லி, இரண்டாவது டீச்சர் போஸ்ட் வேண்டும் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்த்தார்.

அந்த போஸ்ட் வருஷக்கணக்கில் வரவில்லை. வரும் வரை காத்திருந்தால் பிள்ளைகள் வளர்ந்துவிடும். அடிவாரத்திலிருந்து எங்கள் ஊருக்கு மருமகளாக வந்திருந்த வசந்தா எட்டாம் வகுப்பு படித்தவள். ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் எழுத்து சொல்லித் தர முடியுமா என்று கேட்டேன். மாமியார் சம்மதிக்கவில்லை. நாட்டாமை போய்ப் பேசினார். ஊர் ஆண்கள் பள்ளிச் சுவரை ஒட்டி ஒரு கொட்டாய் போட்டார்கள். அறுப்பு முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வசந்தாவுக்குக் கொஞ்சம் சாமை போயிற்று. ஆபீஸிலிருந்து கேள்வி வந்தது. நியமனம் இல்லாத ஆளைப் பள்ளியில் எப்படி வைக்கலாம்? போஸ்டுக்கு ஆள் வரும் அன்றைக்கு நிறுத்திவிடுகிறேன் என்று பதில் எழுதினேன். ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வி, அதே பதில்.

சின்னவர்கள் வசந்தாவிடம் போனதால் பெரியவர்களோடு உட்கார எனக்கு நேரம் கிடைத்தது. சித்திரை முழுக்கப் பாடம் நடத்தினேன். வகுத்தலைப் போட்டுப் போட்டுப் பழக்கினேன். படிக்காமல் வந்த பிள்ளையின் வீட்டுக்குச் சாயங்காலம் போய்த் தகப்பனிடம் சொல்வேன். ஆபீஸுக்கு எழுதிப் போட்டால் பதில் வர மாதமாகும். தகப்பனிடம் சொன்னால் மறுநாள் காலையில் தெரிந்துவிடும். அடுத்த வருஷம் டி.ஐ. வந்தபோது திருப்தி என்று எழுதினார். பிரமாதம் என்று எழுதவில்லை. அது எனக்குப் போதும்.

பிறகு

எண்பதுகளில் சத்துணவு வந்தது. எனக்கு அப்போது சந்தேகம் இருந்தது. வீட்டுச் சோற்றையும் அரசாங்கமே போட்டால் தகப்பனுக்கு என்ன வேலை என்று பேசினேன். நான் நினைத்தபடி ஆகவில்லை. ஊர்ப் பெண்களே வந்து சமைத்தார்கள், தாய்மார் வந்து உப்பு பார்த்தார்கள். மழைக்காலத்தில் வீட்டில் கஞ்சி மட்டுமே இருந்த பிள்ளைகளுக்கு அது பெரிய ஆதாரமாக இருந்தது. அரசாங்கம் கொடுப்பது கெடுதல் இல்லை. ஊர் அதைத் தன் கையில் வாங்கிக்கொள்கிற மாதிரி கொடுத்தால் அது நிலைக்கும்.

ஹாஸ்டல் ஸ்கீம் எங்கள் பக்கம் மெல்ல மாறியது. ஆறாம் வகுப்பிலிருந்து, விருப்பமுள்ளவர்கள் என்று பிறகு ஒரு சர்க்குலர் வந்தது. எங்களால்தான் மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். பல ஊர்களில் பிள்ளைகள் ஓடி வந்திருக்கிறார்கள்.

சின்னக்கண்ணு அஞ்சாவது முடித்து நின்றுவிட்டாள். கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போனாள். மேலே படிக்க வைக்க நாட்டாமையிடம் எவ்வளவோ பேசினேன். பேசினபடி அஞ்சாவது முடித்தாயிற்று என்றார். அது உண்மைதான். அவள் பிள்ளைகளைப் பின்னால் அவளே கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தாள்.

இதைப் படிக்கிற இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நல்ல திட்டம் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும், முதலில் அந்த வீட்டு வாசலில் போய் நின்று கேளுங்கள். கேட்டால் வேலை தாமதமாகும். முடியாது என்று சொல்வார்கள், திரும்பவும் போக வேண்டி வரும். எரிச்சல் வரும். ஆனால் தாயும் தகப்பனும் மனதார எடுத்த முடிவுக்கு அவர்களே காவல் இருப்பார்கள். நீங்கள் டிரான்ஸ்பரில் போன பிறகும் அது நடக்கும். எனக்கு அது புரிந்தது ராணி மறுபடியும் ஹாஸ்டலில் சேர்ந்த அன்றைக்குத்தான்.

அஞ்சாவது முடித்ததும் ராணி தானாகவே மேலே படிக்கிறேன் என்றாள். வெள்ளையன் குள்ளம்மாவிடம் கேட்டார், ராணியிடம் இன்னொரு தரம் கேட்டார், அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்து எப்போது போகலாம் என்றார். வெள்ளையனும் ராணியும் நானுமாக மூவரும் பஸ்ஸில் இறங்கிப் போனோம். அதே ஹாஸ்டல், வேறு வார்டன். வெள்ளையன் பெண் படுக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஆண்களை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். அப்படியானால் டீச்சரம்மா பார்த்து வந்து சொல்லட்டும் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். ஜன்னல் இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது என்று வந்து சொன்னேன். அதற்குப் பிறகுதான் எழுந்தார்.

வார்டன் சேர்க்கைத் தாளை என் பக்கம் நகர்த்தி, டீச்சரே கையெழுத்துப் போடுங்கள் என்றார். நான் அதை வெள்ளையன் பக்கம் நகர்த்தினேன். அவர் கட்டை விரலை மையில் அழுத்தி, தாளில் அழுத்தி, எடுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு வார்டனைப் பார்த்துச் சொன்னார்.

“நானே இட்டாந்து வுட்டுட்டுப் போறேன். வாரா வாரம் சந்தைக்கு வர்றப்ப வந்து பாப்பேன். நீங்க ரூல் இல்லைன்னு சொல்லக் கூடாது.”

வார்டன் என்னைப் பார்த்தார். நான் ராணியின் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தேன்.